எல்லாம் அடங்கிய பெட்டி

மே மாதக் கடைசியில் மெமோரியல் டே நீண்ட விடுமுறை வந்தால் கலிஃபோர்னியாவின் மலைப்பாதைகளில் கார்கள் வரிசை கட்டும். அந்த வரிசையில் தமிழ்க் குடும்பங்களும் நிறையவே உண்டு. காரை நிறுத்தும் இடத்துக்குப் பத்தடி தள்ளித்தான் டெண்ட். எதையும் தூக்கிச் சுமக்கவேண்டியதில்லை, சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. முதுகில் மூட்டையோடு மலையேறுபவர் ஒரு கரண்டியை எடுக்கவே இரண்டு முறை யோசிப்பார். டிக்கி இருக்கும் தைரியத்தில் கார்க்காரர் இட்லிப் பானையையும் ஏற்றிவிடுவார். போய்ச் சேர்ந்ததும் தீப்பெட்டி மட்டும் அகப்படாது.

இந்தக் குழப்பத்துக்கு அமெரிக்கர்கள் கண்ட பழைய தீர்வு 'சக் பாக்ஸ்'. அடுப்பு, பாத்திரம், கத்தி, மசாலா, துடைக்கும் துணி என்று சமையலறை முழுவதையும் ஒரே மரப்பெட்டியில் அடக்கி, முன்பலகையைக் கீலில் இறக்கினால் அதுவே மேடையாகும்படி செய்வது. சாரணர் இயக்கத்தில் ஒவ்வொரு குழுவும் இப்படி ஒரு பெட்டியைத் தானே செய்துகொள்ளும் வழக்கம் உண்டு. கைவேலை பிடித்த அப்பாக்கள் ப்ளைவுட் வாங்கிவந்து கராஜில் வாரக்கணக்கில் இழைக்கிறார்கள். காரில் கேம்பிங் போவதைப் பற்றிப் பேசும் எவரும் கடைசியில் இந்தப் பெட்டியில்தான் வந்து நிற்பார்கள். அதற்குக் கிடைக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம்.

இதன் மூலம் 1866. டெக்சஸ் மாட்டுப்பண்ணைக்காரர் சார்லஸ் குட்நைட், ராணுவம் கழித்துவிட்ட ஸ்டூட்பேக்கர் வண்டி ஒன்றை வாங்கி, அதன் பின்புறத்தில் இழுப்பறைகளும் தட்டுகளும் கொண்ட பெட்டியைப் பொருத்தினார். மாவு, பீன்ஸ், காப்பிக்கொட்டை, உப்பிட்ட பன்றிக்கறி எல்லாம் அதற்குள். மூடியை இறக்கி ஒரு காலை முட்டுக்கொடுத்தால் மேசை. தண்ணீர்ப் பீப்பாய் பக்கவாட்டில், விறகு வண்டிக்கு அடியில் கட்டிய தோல் தொட்டிலில். மாதக்கணக்கில் மந்தை ஓட்டிச் செல்லும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இதுவே அடுப்படி. அந்த வண்டியை 2005இல் டெக்சஸ் தன் அதிகாரபூர்வ மாநில வாகனமாக அறிவித்தது என்றால் அதன் மேல் அவர்களுக்குள்ள பிரியம் புரியும்.

பெட்டியின் பெரிய பலன் கிளம்பும்போதுதான் தெரிகிறது. வெள்ளி மாலை ஆபீஸ் முடிந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, இருட்டுவதற்குள் மலையேறவேண்டும். வீட்டு அலமாரியைக் குடைந்து பொறுக்கத் தொடங்கினால் ஒரு மணி நேரம் காணாமல் போகும். பயணத்துக்கென்றே ஒரு கத்தி, ஒரு தோசைக்கரண்டி, ஒரு டின் திறப்பான், ஒரு டப்பா உப்பு என்று தனியாக இருந்தால் பெட்டியைத் தூக்கி வைத்ததும் புறப்படலாம். ஆனால் இந்தப் பெருமையில் பாதி பெட்டிக்கு உரியதே அல்ல. பயணச் சாமானை வீட்டுச் சாமானிலிருந்து பிரித்து வைத்ததன் பலன் அது. அதே சாமானை அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தாலும் கிடைத்திருக்கும்.

மேடை விஷயத்தில் மறுபேச்சு இல்லை. முகாம்களில் போட்டிருக்கும் மேசைகள் உட்கார்ந்து சாப்பிடும் உயரத்தில் இருப்பவை. அவற்றில் குனிந்து நின்று இரண்டு கிலோ வெங்காயம் நறுக்கிப் பார்த்தவருக்கு, இடுப்பளவில் இறங்கும் அந்தப் பலகையின் அருமை விளங்கும். இரவில் தலைவிளக்கு வெளிச்சத்தில் கையை நீட்டினால் கரண்டி அதன் இடத்தில் இருப்பதும் சின்ன விஷயமல்ல.

அடுப்பைப் பொறுத்தவரை பெரும்பாலோரிடம் இருப்பது சூட்கேஸ்போல் மடியும், இரண்டு பர்னர் கொண்ட புரொப்பேன் அடுப்பு. மூடியும் பக்கத்தகடுகளும் காற்றை மறைக்கும். நம் சமையலுக்கு அது பாதி ஒத்துழைக்கும். பன்னிரண்டு அங்குல இரும்புத் தோசைக்கல்லை ஒருபுறம் ஏற்றினால், மறுபுறம் வைக்கும் குக்கரின் கைப்பிடி தகட்டில் இடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு அடுப்பு என்பது பேருக்குத்தான். தீ நடுவில் மட்டும் படுவதால், மெல்லிய அலுமினியக் கல்லில் தோசை நடுவில் கருகி ஓரத்தில் வெள்ளையாகவே இருக்கும். கனமான இரும்புக்கல் சூட்டைப் பரப்பிக் காப்பாற்றும், ஆனால் பெட்டியின் எடை இன்னும் ஏறும். வெறும் பெட்டியே பத்துப் பதினைந்து கிலோ. நிரப்பியபின் அதை டிக்கியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும்.

குக்கரைத் தவிர்க்கவும் முடியாது. யோசெமிட்டியின் டுவாலமி மெடோஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 8,600 அடி உயரம். அங்கே தண்ணீர் 91 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டால் கொதித்துக்கொண்டே இருக்கும், வேகாது. எடைக்குறைப்பு பற்றிப் பேசும் அமெரிக்க நண்பர்கள் குக்கரைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சாம்பார் நம் பக்கம்.

'எல்லாம் ஒரே பெட்டியில்' என்ற கொள்கை சரிந்து விழும் இடம் கரடி. கருங்கரடியின் மூக்கு காருக்குள் இருக்கும் பிஸ்கட்டையும் கண்டுபிடிக்கும், கதவை நகத்தால் வளைத்துத் திறக்கவும் அதற்குத் தெரியும். 1990களின் இறுதியில் யோசெமிட்டியில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கார்கள் இப்படிச் சேதமாயின. அதனால் இருட்டியபின் காரில் உணவு வைக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். டின்னில் அடைத்ததோ, சோப்போ, பற்பசையோ, மணக்கும் எதுவும் இரும்பு லாக்கருக்குள் போகவேண்டும். அந்த லாக்கர்களில் பெரும்பாலானவை 45 அங்குல அகலம், 33 அங்குல ஆழம், 18 அங்குல உயரம். இரண்டடி உயரத்துக்கு ஆசையாகக் கட்டிய பெட்டி அதில் நிமிர்ந்து நிற்காது. படுக்கப்போட்டால் நுழையும், மூடி சரியாகத் திருகாத எண்ணெய் பாட்டிலும் கூடவே படுக்கும். பக்கத்தில் கூலர் பெட்டிக்கும் இடம் வேண்டும். கடைசியில் என்ன நடக்கிறது? இரவு பத்து மணிக்கு, நேர்த்தியாக அடுக்கிய பெட்டியிலிருந்து பொடி டப்பாக்களை ஒவ்வொன்றாக உருவிப் பையில் போட்டு லாக்கரில் வைக்கிறார்கள். காலையில் அவை பழைய அறைக்குத் திரும்புவதில்லை.

ஆகவே முதலில் பிரிக்கவேண்டியது மணப்பதையும் மணக்காததையும். பாத்திரம், கத்தி, பலகை ஒரு டப்பாவில். தின்பதும் தேய்ப்பதும் இன்னொன்றில், 18 அங்குலத்துக்குள் அடங்கும் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவாக. ப்ளைவுட்டின் அழகு இதில் இல்லை, ஆனால் இரவு பத்து மணிக்கு இது வேலை செய்கிறது. (அஞ்சறைப்பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடலாம். மலைவளைவுகளில் கடுகும் மஞ்சளும் கலந்தபின் பிரித்தெடுக்க வழியில்லை.)

கூலர் எப்படியும் பெட்டிக்கு வெளியேதான். கெடக்கூடிய உணவு 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம் இருக்கக்கூடாது, வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. தோசைமாவு கொண்டுபோகிறவர்கள் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் இருப்பது நல்லது. ஐஸ் உருகிய மறுநாள் அது பொங்கி எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை.

பெட்டியைப் புகழ்பவர்கள் பேசாத ஒன்று, திரும்பும் பயணம். போகும்போது எல்லாம் கழுவித் துடைத்துக் காய்ந்தவை. வரும்போது ஈரப் பஞ்சு, பிசுக்கேறிய கல், பாதி தீர்ந்த நெய், அடியில் கரிபிடித்த பாத்திரம். பெட்டியின் அறைகள் சுத்தமானவற்றுக்கு அளவெடுத்தவை, அழுக்குக்கென்று ஓர் அறை யாரும் வைப்பதில்லை. ஞாயிறு மாலை அலுப்பில் எல்லாவற்றையும் திணித்து மூடி, கராஜில் தள்ளி, மூன்று வாரம் கழித்துத் திறந்தால் பூசணம் வரவேற்கும். 'தூக்கி வை, கிளம்பு' என்ற வாக்குறுதி நிறைவேறவேண்டுமானால் திங்கட்கிழமை யாரோ ஒருவர் அத்தனையையும் மறுபடி கழுவி, தீர்ந்ததை நிரப்பி, அடுக்கி வைக்கவேண்டும்.

அந்த யாரோ ஒருவர் யார் என்பதுதான் என்னை உறுத்துவது. குட்நைட்டின் வண்டியில் அந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. சமையற்காரருக்குச் சாதாரண மாட்டுக்காரரைவிடச் சம்பளம் அதிகம். வண்டியைச் சுற்றியுள்ள இடம் அவர் ராஜ்ஜியம், அவர் பெட்டியில் வேறொருவர் கை வைக்கமுடியாது. ஒருவர் கைக்கும் ஒருவர் நினைவுக்கும் பொருந்த வடிவமைத்த கருவி அது. கூலி வாங்கி அந்த வேலையைச் செய்பவருக்கு அதைவிடச் சிறந்த கருவி கிடையாது.

அதே வடிவத்தை நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குள் கொண்டுவந்தால் அந்த ஒற்றை ஆள் ஏற்பாடும் கூடவே வந்துவிடுகிறது, சம்பளமும் அதிகாரமும் மட்டும் வருவதில்லை. பெட்டியைச் செய்தவர் அப்பாவாக இருக்கும். எந்த அறையில் என்ன என்று தெரிந்தவர் பெரும்பாலும் அம்மா. அவர் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போன ஐந்து நிமிடத்தில் "உப்பு எங்கம்மா?" என்று குரல் வரும். உப்பு கண்ணெதிரே, மூன்றாவது தட்டில், ஆழத்தில், மிளகுக்குப் பின்னால் இருக்கும். இருப்பதை மறைத்து வைக்கும் ஒழுங்கு, அடுக்கியவருக்கு மட்டுமே ஒழுங்கு. ஓய்வுக்கென்று போன இடத்திலும் ஒருவர் நிற்க மற்றவர்கள் உட்கார்ந்திருப்பதற்கு இந்தப் பெட்டி ஒரு மேடையும் போட்டுக்கொடுத்துவிடுகிறது.

பெட்டியை உடைத்து விறகாக்கச் சொல்லவில்லை. இழைத்து முடித்தவர்கள் மேடைக்காகவும் பாத்திரத்துக்காகவும் வைத்துக்கொள்ளலாம். புதிதாகச் செய்ய நினைப்பவர்கள் ப்ளைவுட்டுக்குப் பதில் உள்ளே இருப்பது வெளியே தெரியும் டப்பாக்களை வாங்கி, வேளைவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். காலைக் காப்பிக்கும் ரவை உப்புமாவுக்கும் வேண்டியது ஒன்றில், இரவுச் சமையலுக்கு வேண்டியது மற்றொன்றில். உப்பும் எண்ணெயும் இரண்டிலும் இருக்கும். ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருப்பது பெட்டிக்காரர்களுக்குப் பிடிக்காது, இடம் வீண் என்பார்கள். டிக்கியில் இடத்துக்கா பஞ்சம்? காலை டப்பாவைப் பதினைந்து வயதுப் பையனிடம் கொடுத்து, அவனையே அடுக்கவும் திங்கட்கிழமை கழுவவும் சொன்னால், முதல் பயணத்தில் வடிகட்டி மறந்துபோகும். காப்பித்தூளோடு காப்பி குடிக்கவேண்டியிருக்கும். அடுத்த முறை அவன் மறக்கமாட்டான், அந்த நேரத்தில் அவன் அம்மா டெண்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்கலாம்.