ஐம்பதில் வளைந்த மண்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்கிறது பழமொழி. கேட்டவுடன் தலையசைக்கிறோம். பழமை ஒன்றே மெய்ம்மைக்குச் சான்றாகிவிடுமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மரக்கிளைக்குச் சொன்னதை மாந்தன் கைக்கும் விலங்காக மாட்டிவிட்டோம். அவ்விலங்கைக் களிமண் கொண்டே உடைத்தவர் அமெரிக்க நாட்டுக் கலைச்செல்வி பியாட்ரிஸ் வுட் அம்மையார்.

1893-இல் சான்பிரான்சிஸ்கோவில் செல்வர் குடியிற் பிறந்தார், நடிகையானார், ஓவியம் தீட்டினார், 1917-இல் மார்செல் துஷான் முதலிய புதுமைக் கலைஞர்களோடு இதழ் நடத்தினார். மட்கலத்தை மட்டும் தொட்டதில்லை. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் உரை கேட்க ஆலந்து நாடு சென்றவர், ஒளிமெருகிட்ட பழந்தட்டுகள் சிலவற்றை வாங்கித் திரும்பினார். அவற்றிற்கு இணையான தேநீர்க் கெண்டி எங்கும் கிடைக்கவில்லை. கிடைக்காததை நாமே செய்தால் என்ன? 1933-இல், நாற்பதாம் வயதில், ஹாலிவுட் உயர்நிலைப் பள்ளியின் முதியோர் வகுப்பிற் சேர்ந்தார். தத்துவம் தேடிச் சென்றவருக்குத் தட்டு வழிகாட்டிற்று!

நாஜிக் கொடுமைக்குத் தப்பி வியன்னாவிலிருந்து 1938-இல் வந்த நாட்ஸ்லர் இணையரிடமும் பின்னர்ப் பயின்றார். கெர்ட்ரூட், ஓட்டோ இருவரும் 1908-இல் பிறந்தவர்கள். ஆசிரியரினும் பதினைந்தாண்டு மூத்த மாணவி! அகவையை மறந்து அறிவின் முன் அமர்ந்தாரே, அதுவன்றோ கல்வி?

இனி, அவர் கலையைப் பார்ப்போம். ஒளிமெருகு புதியதன்று, ஒன்பதாம் நூற்றாண்டில் ஈராக்கில் தழைத்த கலை அது. அந்நாளைய கைவினைஞர், சுட்ட கலத்தின் மெருகின்மேல் உலோகச் சாந்தால் எழுதி மீண்டும் சுட்டனர். அம்மையார் உலோக உப்புகளை மெருகுக்குள்ளேயே கலந்தார். சூளையில் உயிர்வளியைக் குறைத்தால் அவ்வுப்புகள் உலோகமாக மாறி, கலம் முழுவதும் பொன்னும் பசுமையும் ஊதாவுமாய் மின்னும். பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்திருந்தவர்தாம் அவர். எனினும் சூளை எந்த மந்திரத்திற்கும் செவி சாய்க்கவில்லை. வெப்பமும் வேதியியலும் விடாமுயற்சியுமே விடை தந்தன.

குறை இல்லையா? உண்டு. கெர்ட்ரூடின் கலங்களில் காணும் மெல்லிய சுவரும் பிசகாத வளைவும் இவர் கலங்களில் இல்லை. கிண்ணம் கோணும், கைப்பிடி பருக்கும். ஆனால் அந்தக் கோணலின் மேல் ஒளி வழுக்கி விழும்போது, வழவழப்பான வடிவம் தர முடியாத உயிர் அதில் துடிக்கிறது. ஆண் பெண் உறவின் போலித்தனத்தை எள்ளி நகையாடும் சிறு பாவைகளை இருபது வயது இளைஞரால் செய்திருக்க முடியுமா? வாழ்ந்து பார்த்த கண்ணுக்கே அந்த நகைப்பு வாய்க்கும்.

1948-இல் ஓஹாயில் குடியேறிய அவர், 1961-இல் கண்காட்சியோடு இந்தியா வந்தார். அப்போது வயது அறுபத்தெட்டு. தலைமுறை தலைமுறையாய்ச் சக்கரம் சுழற்றியவனைக் 'குலத்தொழிலாளி' என்று ஒதுக்கிவிட்டு, கடல் கடந்து வந்த சக்கரத்தைக் 'கலை' என்று போற்றும் மேட்டுக்குடி நமது! பிறப்பால்தான் கைத்திறன் வரும் என்பதும், வயதானால் வாராது என்பதும் ஒரே பொய்யின் இரு முகங்கள். இரண்டையும் ஒருங்கே மறுத்தது அந்த அம்மையாரின் கை.

செல்வர் மகளுக்கு இயலும், கஞ்சிக்கு உழைக்கும் ஏழைக்கு நாற்பதில் சூளை ஏது என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர் நுழைந்த வாயிலைக் கவனியுங்கள். அது அரண்மனை வாயில் அன்று; பொதுப் பள்ளியின் முதியோர் வகுப்பு. மாலை மணி அடித்ததும் நம் பள்ளிகளைப் பூட்டிவிடுகிறோம். பூட்டப்பட்ட அந்த அறைகளில் எத்தனை தாய்மாரின், எத்தனை தொழிலாளரின் கலை புதைந்து கிடக்கிறதோ!

1998-இல் நூற்றைந்தாம் வயதில் மறைந்த பியாட்ரிஸ் வுட், நாற்பதுக்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் மண்ணோடு வாழ்ந்தார். அவரை வியப்பதோடு நின்றுவிடுதல் வீண். இளைஞர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியின் கதவை மாலையிலும் திறக்கச் சொல்லுங்கள். ஒரு சக்கரம், கொஞ்சம் களிமண், கற்றுத்தர ஊர்க் குயவர் ஒருவர். அவருக்கு ஆசிரியர் என்ற பெயரும் ஊதியமும். ஐம்பதில் வளையுமா என்பதை அதன்பின் கேட்போம்.