வெயில் ஏறினா சரியாயிடும்

அந்த அம்மா பனையோலைக் கொட்டான் பின்னுகிறவர். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். முதல் தடவை வந்தபோது, "கையெல்லாம் அசதியா இருக்கு சார்" என்றார். வலி மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் வந்து, "ஓலை கிழிக்கையில விரல் மடங்க மாட்டேங்குது" என்றார். தொழில் அப்படி, இருக்கத்தானே செய்யும் என்று எண்ணிக்கொண்டு ஒரு வைட்டமின் சேர்த்தேன். மூன்றாம் தடவை, சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பியவர் கதவருகே நின்று சொன்னார்: "காலையில காப்பி டம்ளரைப் பிடிக்க முடியல சார். வெயில் ஏறினா சரியாயிடும்."

திரும்ப உட்காரச் சொல்லிக் கையை வாங்கிப் பார்த்தேன். நடுவிரல்களின் இடைக்கணுக்கள் இரண்டு பக்கமும் உப்பியிருந்தன. அமுக்கினால் எலும்பு தட்டவில்லை, பஞ்சு மாதிரி அமுங்கியது. கைகுலுக்குவது போல உள்ளங்கையைக் குறுக்கே இறுக்கியதும் முகத்தைச் சுளித்தார். பழைய தலைமுறை சரவாங்கி என்று சொன்ன முடக்குவாதம்.

அன்றிரவு கணினியில் வாதநோய்த் தற்சோதனை ஒன்றில் உட்கார்ந்தேன். நாலாவது கேள்வி: நாற்பத்தெட்டு வயதுப் பெண், இரண்டு கைகளிலும் சிறுமூட்டுகள் வீக்கம், காலை விறைப்பு ஒன்றரை மணி நேரம், ஆறு வாரத்துக்கு மேலாகிறது, ரத்தத்தில் ஆன்டி-சிசிபி மிக அதிகம், அடுத்து என்ன கொடுப்பீர்கள்? இருபது விநாடியில் மெத்தோட்ரெக்ஸேட்டை அழுத்தினேன். பச்சை டிக் வந்தது, கூடவே ஒரு பாராட்டும்.

பகலில் மூன்று வருகை கோட்டைவிட்ட நோயை இரவில் இருபது விநாடியில் பிடித்துவிட்டேன். ஏன் என்று யோசித்தால் விடை எளிது. "வெயில் ஏறினா சரியாயிடும்" என்பதைக் "காலை விறைப்பு" என்று யாரோ எனக்கு முன்பே மொழிபெயர்த்து வைத்துவிட்டார்கள். வீங்கிய மூட்டை யாரோ ஏற்கெனவே தொட்டுப் பார்த்துவிட்டார்கள். எந்த ரத்தப் பரிசோதனை கேட்பது என்பதையும் முடிவு செய்துவிட்டார்கள். என் மேசையில் இருக்கும் வேலையில் முக்கால் பங்கு அதுதான். அதைச் செய்து முடித்தபிறகுதான் கேள்வியே தொடங்குகிறது.

இதை வைத்து இணையவழித் தற்சோதனையே வீண் என்று சொல்ல வரவில்லை. அதனிடம் நான் பட்ட கடன் பெரிது.

நான் படித்த காலத்தில் முடக்குவாதத்துக்கு 1987-ஆம் ஆண்டின் அமெரிக்க அளவுகோல்தான் பாடம். ஏழு அம்சம், நாலு இருந்தால் நோய். அதில் தோலுக்கடியில் முண்டும் எக்ஸ்-ரேயில் எலும்பு அரிப்பும் அடக்கம். எலும்பு அரித்தபிறகு நோயைப் பெயர் சொல்லி அழைத்து என்ன பயன்? 2010-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து அதை மாற்றின. பத்துக்கு ஆறு மதிப்பெண் போதும். கொட்டான் அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தால் நாலுக்கு மேல் சிறுமூட்டு, 3. பிறகு எடுத்த ரத்தச் சோதனையில் ஆன்டி-சிசிபி மிக அதிகம், 3. ஆறு வாரம் தாண்டியதற்கு 1. ஆக 7, எக்ஸ்-ரே இல்லாமலே. இந்த மாற்றத்தை எனக்குச் சொன்னது எந்தப் பேராசிரியரும் இல்லை. தப்பாக விடை அழுத்தியதால் வந்த சிவப்புக் கட்டமும் அதன் கீழிருந்த நாலு வரி விளக்கமும்தான். தப்பு செய்து கற்றது நிற்கும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள்: பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததைப் பற்றித் தங்களையே சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். தேர்வுக்கு முந்தின இரவு புரட்டிய எல்லோருக்கும் தெரிந்த கதை.

வேகம் இன்னொன்று. முடக்குவாதத்துக்கான டோஃபாசிட்டினிப் என்ற மாத்திரை உள்நாட்டுத் தயாரிப்பாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஊசிக்குப் பயந்தவர்களும், ஊசிக்குப் பணமில்லாதவர்களும் அதன் பக்கம் திரும்பினார்கள். 2021 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மாத்திரைகளுக்கு எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. 2022 ஜனவரியில் முழு ஆய்வு வெளிவந்தது: ஐம்பது வயது கடந்து, இதயநோய்க்கான ஆபத்துக் காரணம் ஒன்றாவது உள்ளவர்களிடம், பழைய ஊசி மருந்துகளோடு ஒப்பிட்டால் மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய் ஆகியவை கூடுதலாகத் தெரிந்தன. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இல்லாத ஐம்பது வயதுக்காரரைச் செட்டிநாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தச் செய்தி புத்தகமாகி, பதிப்பாகி, கடைக்கு வந்து, நான் வாங்கிப் படித்து என்றால் நாலைந்து வருஷம் ஓடியிருக்கும். இணையப் பாடத்தில் சில வாரத்தில் கைக்கு வந்தது.

தூரத்தையும் சொல்ல வேண்டும். சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2012-இல்தான். வாதநோய்க்கென்று தனிச் சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் இங்கிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோதான் பஸ் ஏற வேண்டும். மகாராஷ்டிரத்தில் பிக்வான் என்ற கிராமத்தில் அரவிந்த் சோப்ராவின் குழு 1996-இல் தொடங்கிய ஆய்வில் வயது வந்தோரில் ஏறத்தாழ அரை சதவீதத்தினருக்கு முடக்குவாதம் இருந்தது. அதே கணக்கைப் போட்டால் வயது வந்த லட்சம் பேருக்கு ஐந்நூறு நோயாளிகள். அவர்கள் எல்லோரும் முதலில் வருவது என்னைப் போன்ற பொது மருத்துவரிடம்தான். நான் கிளினிக்கைப் பூட்டிவிட்டு மாதாமாதம் கருத்தரங்குக்குப் போக முடியாது.

பழைய நேரடிக் கூட்டங்களைக் கோயிலாக்குவதும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, ஓட்டல் அரங்கு, மங்கிய விளக்கு, பிரியாணிக்குப் பிறகு நோயெதிர்ப்புச் செல்களைப் பற்றிய உரை. நான் தூங்கியிருக்கிறேன். என்னை எழுப்பியவரும் சற்றுமுன் தூங்கியவர்தான்.

இனிக் குறைகள். முதல் குறை பெயரிலேயே இருக்கிறது: தன்னைத் தானே மதிப்பிடுவது. 2006-இல் ஜாமா இதழில் டேவிஸ் குழுவினர் மருத்துவர்களின் சுயமதிப்பீட்டையும் பிறர் அளந்த மதிப்பீட்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தார்கள். இருபது ஒப்பீடுகளில் பதின்மூன்றில் இரண்டுக்கும் பொருத்தம் குறைவு, அல்லது இல்லை, அல்லது நேர் எதிர். மிகவும் பின்தங்கியவர்களும், தன்னம்பிக்கை மிகுந்தவர்களும்தான் தங்களை அதிகம் தப்பாக எடைபோட்டார்கள். கேள்வி கேட்டு அளக்கும் தற்சோதனை இந்த நோய்க்கு மருந்துதான். ஆனால் எந்தப் பாடத்தில் கேள்வி வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது நான். எனக்குக் கீல்வாதம் பிடிக்கும். யூரிக் அமிலம், ஒரு மாத்திரை, கணக்கு நேராக வரும். ரத்தக்குழாய் அழற்சி நோய்களைக் கண்டாலே தலை சுற்றும். ஆகவே கீல்வாதத்தில் மூன்று சான்றிதழ் வைத்திருக்கிறேன்.

அடுத்தது, கேள்விகள் பிறக்கும் ஊர். ஐரோப்பிய அமைப்பின் இரண்டாண்டு இணையப் படிப்பும், அமெரிக்க வாதநோயியல் கல்லூரி 'கேர்' என்ற பெயரில் நடத்திவந்த தற்சோதனையும் தரமானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவற்றுக்குள் வரும் நோயாளி என் வாசலில் நிற்கும் நோயாளி இல்லை. லூபஸ் நோயின் வண்ணத்துப்பூச்சித் தடிப்பு அங்கே வெள்ளைக் கன்னத்தில் செக்கச்செவேலென்று இருக்கும். சில வருஷத்துக்கு முன் ஓர் அம்மா கல்யாணம் நிச்சயமான மகளைக் கூட்டிவந்தார். "மூஞ்சியில மங்கு விழுந்திருச்சு, தேதிக்குள்ள போயிருமா சார்?" மூக்கின் மேலும் இரு கன்னங்களிலும் கருநீலம் கலந்த கறுப்பு. ஏதோ கிரீம் போட்டு வந்திருக்கிறார்கள். நானும் மங்கு என்றே நினைத்திருப்பேன். கொத்துக்கொத்தாக முடி உதிர்வதையும், வெயிலில் போனால் எரிவதையும் அந்தப் பெண் தானாகச் சொன்னதால் தப்பித்தேன். திரையில் நூறு சிவப்புக் கன்னம் பார்த்துத் தேர்ந்தவன் நான். கறுத்த கன்னம் ஒன்றுகூட அங்கே வந்ததில்லை.

2006-இல் தமிழ்நாட்டைச் சிக்குன்குன்யா புரட்டிப்போட்டது நினைவிருக்கும். காய்ச்சல் போனபிறகும் மாதக்கணக்கில் மூட்டு வீங்கிக் கிடந்தவர்கள் முடக்குவாதக்காரர்களைப் போலவே இருந்தார்கள். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் தொழுநோயிலும் காசநோயிலும் பாசிட்டிவ் வரலாம். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடிக்குள் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வீக்கம் அடங்கி, நோய் மறைந்து, முகம் மட்டும் உருண்டு வரும். இதையெல்லாம் ஒரு வரியில் தொட்டுச் செல்லும் கேள்விகள் உண்டு. ஆனால் நம் ஊரில் தொடக்கமே இதுதான்.

மெத்தோட்ரெக்ஸேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரே நாள் போட வேண்டிய மருந்து. தினமும் போட்டால் வாய்ப்புண்ணில் தொடங்கி ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே உலை. எந்தத் தேர்வும் இதைக் கேட்கும், யாரும் சரியாகச் சொல்வார்கள். ஆனால் இங்கே அந்த மருந்து விற்கும் பெயர்களில் ஒன்று ஃபோலிட்ராக்ஸ். அதோடு சேர்த்துக் கொடுக்கும் ஃபோலிக் அமிலத்தின் பெயர்களில் ஒன்று ஃபோல்வைட். அவசரக் கையெழுத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. அயல்நாட்டுக் கேள்வித்தாளில் இந்த ஆபத்துக்கு இடமே கிடையாது. நான் இப்போது சீட்டில் தமிழில் 'செவ்வாய் மட்டும்' என்று எழுதி, அதைச் சுற்றிக் கட்டம் போடுகிறேன். எந்தப் பாடமும் சொல்லித்தரவில்லை. மருந்துக்கடைத் தம்பி சொன்ன யோசனை.

மூன்றாவது, மதிப்பெண் வேட்டை. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் ஐந்தாண்டுக்கு முப்பது மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்கின்றன. பதிவைப் புதுப்பிக்கப் போனால் மாநில மருத்துவ கவுன்சில் அந்தக் கிரெடிட்டைக் கேட்கிறது. நல்ல விதிதான். ஆனால் நாலரை வருஷம் சும்மா இருந்துவிட்டு, கடைசி மாதத்தில் வெபினாரை ஊமையாக ஓடவிட்டுக்கொண்டு ஓ.பி. பார்ப்பதை அது தடுக்காது. முடிவில் வரும் பத்துக் கேள்விக்கு விடை வாட்ஸ்ஆப்பில் ஏற்கெனவே வந்திருக்கும். தோற்றால் தேறும்வரை திரும்ப எழுதலாம்.

கம்பெனிப் பணம் நாலாவது. ஊரடங்குக்குப் பிறகு இரவு எட்டு மணி வெபினார்கள் பெருகின. பெரும்பாலும் யாராவது ஒரு மருந்துக் கம்பெனியின் உபயம். பேச்சாளர் நாணயமானவராகவே இருப்பார். பொய் எதுவும் சொல்ல மாட்டார். ஆனால் புது மாத்திரைக்கு நாற்பது நிமிடமும் பழைய மெத்தோட்ரெக்ஸேட்டை எப்படிச் சரியான அளவுக்கு ஏற்றுவது என்பதற்கு நாலு நிமிடமும் போகும். இதைக் கட்டுப்படுத்த 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் விதி கொண்டுவந்து, அதே மாதம் நிறுத்தியும் வைத்தது. 2024 மார்ச்சில் மருந்துக் கம்பெனிகளுக்கான சந்தைப்படுத்தல் நெறிமுறை வந்தது. வெளிநாட்டில் கருத்தரங்கு வைக்கக் கூடாது என்கிறது அது. என் வீட்டுத் திரைக்கு வரும் கருத்தரங்குக்கு விமானச் சீட்டே தேவையில்லையே.

அப்படியானால் எதை அளக்க வேண்டும்? என் சொந்தச் சீட்டுகளை என்பேன். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும் கடைசி இருபது பேரின் பதிவேட்டை எடுத்து, எத்தனை பேருக்கு மூன்று மாதத்துக்குள் ரத்த அணுவும் ஈரலும் சோதித்திருக்கிறது என்று ஒருநாள் எண்ணினேன். வந்த எண்ணிக்கையை இங்கே எழுத எனக்குத் துணிவில்லை. எந்தப் பாடத்தின் சிவப்புக் கட்டமும் அவ்வளவு சுட்டதில்லை.

இதற்கும் ஒரு தோல்விக் கதை உண்டு. அமெரிக்க உள்மருத்துவ வாரியம் மருத்துவர்கள் தங்கள் சிகிச்சையைத் தாங்களே அளந்து காட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்திப் பார்த்தது. படிவமும் கட்டணமும் பெருகி, மருத்துவர்கள் கொதித்தெழுந்து, 2015 பிப்ரவரியில் வாரியத் தலைவர் ரிச்சர்ட் பேரன் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்து அந்தப் பகுதியை நிறுத்திவைத்தார். 2022-இல் வந்த மாற்று வழியில் மூன்று மாதத்துக்கு முப்பது கேள்வி, கேள்விக்கு நாலு நிமிடம், புத்தகம் பார்க்கலாம். நிம்மதியான ஏற்பாடுதான், ஆனால் திரும்பவும் கேள்வித்தாளுக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். அளவை அதிகாரி கேட்டால் அது படிவமாகிவிடுகிறது. கேட்காவிட்டால் யாரும் எண்ணுவதில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நியூ மெக்ஸிகோவில் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய எக்கோ திட்டம். கிராமத்து மருத்துவர் தன் நோயாளியின் கதையைத் திரையில் சொல்வார். நிபுணரும் மற்ற ஊர் மருத்துவர்களும் கேள்வி கேட்பார்கள். சிகிச்சை தருவது கிராமத்து மருத்துவரே. 2011-இல் வெளியான ஆய்வில், ஹெப்படைட்டிஸ் சி நோயில் அவர்கள் பெற்ற பலன் 58.2 சதவீதம், பல்கலைக்கழகச் சிறப்பு மருத்துவமனையில் 57.5. அது ஈரல் நோய், மூட்டு இல்லை. மூட்டைத் திரை வழியே அமுக்கிப் பார்க்க முடியாது என்பதையும் மறக்கவில்லை. ஆனாலும் "வெயில் ஏறினா சரியாயிடும்" என்ற வாக்கியத்தை நான் அங்கே அப்படியே கொண்டுபோய் வைக்கலாம். என்ன அர்த்தம் என்று கேட்க அங்கே ஆள் இருக்கும். ஏ.என். சந்திரசேகரன் வளர்த்த சென்னை மருத்துவக் கல்லூரியின் வாதநோய்ப் பிரிவில் தொடங்கி, இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு ஆழமான மரபு உண்டு. மாதம் ஒரு மாலை, மதுரையில் ஒரு நிபுணர், காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் மருத்துவர்கள் பத்துப் பேர். செலவு அதிகமில்லை. நிபுணரின் நேரம்தான் கிடைக்காத பொருள். அதற்கு கவுன்சில் கிரெடிட் தருவதானால் கேட்பவருக்கு மட்டுமல்ல, கேஸ் கொண்டுவருகிறவருக்கும் தர வேண்டும், இரட்டிப்பாக.

அதுவரை இரவுப் பாடங்கள்தான். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே கேள்வி வரும்: "இந்தப் பாடத்தால் உங்கள் நடைமுறையில் மாற்றம் செய்வீர்களா?" எதையாவது அழுத்தினால்தான் சான்றிதழ் இறங்கும். இதுவரை எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றே அழுத்தியிருக்கிறேன்.