பழுதையும் சொல்ல வேண்டும்

விண்வெளித் தொலைநோக்கியைப் பழுதுபார்த்த கதையைத் தமிழில் நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். 2009 மே மாதம் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் சென்ற வீரர்கள், ஹப்பிள் தொலைநோக்கியின் நிறமாலைக் கருவியை 111 திருகுகளைக் கழற்றித் திறந்து, மின் பலகையை மாற்றி மீண்டும் இயங்கச் செய்தனர். அருஞ்செயல்தான், ஐயமில்லை.

எனினும் அத்தகைய கட்டுரைகளில் ஒரு குறை உண்டு. வீரர்களின் துணிவு பத்தி பத்தியாக வருகிறது. கருவி ஏன் நின்றது, எது சரியாகவில்லை என்பதற்குப் பெரும்பாலும் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. அந்த நிறமாலைக் கருவி 2004-ல் நின்றதற்குக் காரணம் மின்வழங்கிப் பழுது. அதே பயணத்தில் பழுதுபார்த்த கேமரா ஒன்றின் மூன்று பிரிவுகளில் ஒன்று மீளவே இல்லை. இவையும் கதையின் பகுதிகளே அல்லவா?

காரமடைப் பக்கம் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் நின்றுவிட்டால், மேலே தூக்கிக் காயில் கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோவார்கள். தேர்ந்த மெக்கானிக் முதலில் கேட்பது, “தண்ணியில்லாம ஓடுச்சுங்களா? ஒரு பேஸ் போயிருச்சுங்களா?” என்பதுதான். காரணம் அறியாமல் கட்டிய காயில் மறுபடியும் எரியும். அக்கேள்வி நம் அறிவியல் எழுத்துக்கும் வேண்டும்.

மேலே தூக்கவே முடியாத கருவியானால் அது இன்னும் தேவை. 2015 செப்டம்பர் 28-ல் ஏவப்பட்ட இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட், ஏறத்தாழ 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. பழுதுபார்க்க ஆள் செல்லும் ஏற்பாடு அதற்கு இல்லை. அதில் செனான் வாயு நிரப்பிய எக்ஸ் கதிர் எண்ணிகள் மூன்று உண்டு. கதிர் வாயுவில் பாயும்போது மின்துடிப்பு உண்டாகிறது; துடிப்பின் உயரத்தைக் கொண்டு கதிரின் ஆற்றலைக் கணிக்கிறார்கள். ஓர் எண்ணியில் வாயு கசிந்தது. வாயு குறைந்தால், அதே மின்னழுத்தத்தில் துடிப்பு பெரிதாகும். ஆற்றல் கணக்குப் பிழையாகும். தரையிலிருந்து கட்டளை அனுப்பி, மின்னழுத்தத்தை மாற்றிச் சரிக்கட்டினர். இறுதியில் 2018-ல் அந்த எண்ணியை நிறுத்த நேர்ந்தது. புற ஊதாத் தொலைநோக்கியின் அண்மைப் புற ஊதாப் பிரிவும் அதே ஆண்டில் செயலிழந்தது.

எண்ணிகள் மூன்றும் ஒரே வகையாய்த் தனித்தனியே அமைந்திருந்ததால், ஒன்று போனபின்னும் ஆய்வு நிற்கவில்லை. தொலைப் புற ஊதாப் பிரிவும் தொடர்ந்து பயன்பட்டது. கை எட்டாத இடத்தில் பழுதை எவ்வாறு தாங்குவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் ஏது? ஆயினும் ஏவிய நாளைப் பற்றி எழுதும் ஆர்வம், இந்த இழப்பைப் பற்றி எழுதுவதில் இல்லை.

பழுதைச் சொல்வது நம் விஞ்ஞானிகளைக் குறை கூறுவதாகாது. அடுத்த கருவியை வடிவமைக்கப்போகும் மாணவர் இன்று உங்கள் ஊர்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம். வெற்றியை மட்டும் படித்தால் அவர் கைதட்டக் கற்றுக்கொள்வார். வாயு ஏன் கசிந்தது என்று கேட்கமாட்டார். ஆகவே, அடுத்த முறை இத்தகைய கட்டுரையைப் படிக்கும்போது, எது கெட்டது, ஏன் கெட்டது, எது மீளவில்லை என்று தேடிப் பாருங்கள். விடை இல்லையெனில் ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள்.