அணை இரண்டு, அளவு ஒன்று

பிளவக்கல்லில் அணைகள் இரண்டு: பெரியாறு, கோவிலாறு. மேற்குத் தொடர்ச்சி மலை இறங்கி வந்து வத்திராயிருப்பு வயல்களைத் தொடும் இடத்தில் அருகருகே நிற்கின்றன. ஒன்றின் உயரம் 47 அடிக்குச் சற்று மேல், மற்றதன் உயரம் 42 அடிக்குச் சற்று மேல். ஏதோ ஒரு காலையில் இரண்டிலும் நீர்மட்டம் சரியாக 30 அடி என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அணைகள் இரண்டுதான். ஆனால் முப்பது? பெரியாற்று முப்பது வேறு, கோவிலாற்று முப்பது வேறு என்று உண்டா? முப்பது ஒன்றே. ஜாவாவின் ஜேவிஎம், டாட்நெட்டின் சிஎல்ஆர் போன்ற மெய்நிகர் இயந்திரங்கள் இந்த வேற்றுமையை எவ்வளவு நுட்பமாக, எவ்வளவு பரிவோடு கையாளுகின்றன என்பதை என்னோடு சேர்ந்து கொஞ்சம் நின்று பாருங்கள்.

அணையை நிரலில் எழுதினால் அது ஓர் ஆப்ஜெக்ட். ஹீப் என்னும் நினைவகப் பரப்பில் அதற்கென்று ஓர் இடம் உண்டு. நிரலின் மற்றப் பகுதிகளிடம் இருப்பது அந்த இடத்தைக் காட்டும் ரெஃபரன்ஸ் மட்டுமே. இரண்டு பேரிடம் ஒரே ரெஃபரன்ஸ் இருந்தால், ஒருவர் மதகைத் திறந்ததும் மற்றவருக்கும் நீர்மட்டம் இறங்கித் தெரியும். நேற்று 30, இன்று 31, நாளை 29. ஆனாலும் அதே பெரியாறு அணை. மாறிக்கொண்டே இருந்தும் தான் தானாகவே இருப்பதுதான் ஆப்ஜெக்டின் பெருமை. எண்ணின் அழகு வேறு. முப்பது ஒருநாளும் முப்பத்தொன்றாக வளராது. அதை யாருக்கும் முழுதாகவே எடுத்துக் கொடுத்துவிடலாம். மூலம் எது, நகல் எது என்று கேட்கவே தேவையில்லை. இப்படித் தனி அடையாளம் இல்லாததைத்தான் மதிப்பு என்கிறோம்.

தனித்து அடையாளம் காட்டும் அந்தப் பெருமைக்கு இயந்திரம் செலவழிப்பதைப் பாருங்கள். ஜேவிஎம்மின் பரவலான வடிவமான ஹாட்ஸ்பாட்டில், 64 பிட் இயந்திரத்தில், வழக்கமாக ஒவ்வோர் ஆப்ஜெக்டின் தலையிலும் 12 பைட் உண்டு. 8 பைட்டில் அதன் பூட்டு நிலை, அடையாள ஹாஷ், பயன் தீர்ந்தவற்றை நீக்கும் குப்பை அள்ளலில் எத்தனை முறை தப்பிப் பிழைத்தது என்ற வயது. மீதி 4 பைட்டில் அது எந்த வகுப்பைச் சேர்ந்தது என்ற குறிப்பு. ஓர் அணைக்கு இத்தனையும் தகும். ஆனால் தேதிக்கு 4 பைட், மட்டத்துக்கு 4 பைட் என்று இருக்கும் ஓர் அன்றாடப் பதிவுக்கு? எட்டு பைட் செய்தி, தலைப்பைச் சேர்த்து 20 ஆகி, எட்டின் மடங்குக்கு உயர்ந்து 24 ஆகிறது. வரிசையில் அதைச் சுட்டும் ரெஃபரன்ஸுக்கு இன்னும் 4. ஆக 28 பைட். நாளுக்கு ஒன்றாக 40 ஆண்டுப் பதிவுகள் என்றால் 14,610. மதிப்பாகவே அடுக்கினால் ஏறத்தாழ 1,17,000 பைட், ஆப்ஜெக்டாக்கினால் 4,09,000. ஜாவா 25 இல் தலைப்பை 8 பைட்டாகச் சுருக்கிக்கொள்ள வழி இருக்கிறது. அதுவும் அருமையான வேலைப்பாடுதான். ஆனாலும் தலைப்பே இல்லாமல் இருப்பதன் எழிலுக்கு அது ஈடாகாது.

மதிப்பாக அடுக்கிய அந்த வரிசையை மறுபடி பாருங்கள். செயலி நினைவகத்திலிருந்து ஒரு வீச்சில் எடுப்பது பெரும்பாலும் 64 பைட். எட்டு நாள் நீர்மட்டம் ஒரே வீச்சில் வந்து சேர்கிறது! எங்கும் தாவ வேண்டாம், எதையும் தேட வேண்டாம். உள்ளே ரெஃபரன்ஸ் எதுவும் இல்லாததால் குப்பை அள்ளும் கலெக்டர்கூட அதனுள் நுழைந்து பார்ப்பதில்லை. சிஎல்ஆர் 2002 இலேயே ஸ்ட்ரக்ட் என்ற பெயரில் இந்த வசதியைத் தந்துவிட்டது. 2005 இல், ஒரே நிரலைப் பல வகைகளுக்கும் எழுதவிடும் ஜெனரிக்ஸ் வந்தபோது அதைவிட நயமான ஒன்றைச் செய்தது: ரெஃபரன்ஸ் வகைகளுக்கெல்லாம் இயந்திர நிரலைப் பொதுவில் பகிர்ந்து வைத்து, மதிப்பு வகை ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவறிந்து தனி நிரல் நெய்து கொடுத்தது.

என் மனம் மிக லயிப்பது ஒரே ஒரு பிட்டில். ஆப்ஜெக்டுகள் இரட்டைப்படை முகவரியிலேயே அமைவதால் முகவரியின் கடைசி பிட் எப்போதும் பூஜ்யமாகச் சும்மா இருக்கும். அந்த ஒரு பிட்டை வீணாக விட மனமில்லாமல், இது எண்ணா முகவரியா என்று சொல்லும் வேலையை அதனிடமே கொடுத்தார்கள். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பிறந்த ஸ்மால்டாக்-80 மொழியில் கடைசி பிட் ஒன்றானால் எண். அந்த பிட்டுக்கு இடம்விட்டு எண் இரட்டிப்பாகும், ஆகவே 30 அங்கே 60 உம் 1 உம் சேர்ந்து 61 என்று உறங்கும். உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசிக் குரோமுக்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரமான வி8 அதைத் திருப்பிப் போட்டது: பூஜ்யமானால் எண், ஒன்றானால் முகவரி. 30 அங்கே 60. இப்போது இரண்டு முப்பதைக் கூட்டுங்கள். 60 உம் 60 உம் 120. அதுதான் அறுபதின் உருவம்! எண்ணைப் பிரித்தெடுக்கவும் வேண்டாம், மறுபடி சுற்றி வைக்கவும் வேண்டாம். எந்தப் பக்கம் பூஜ்யத்தை வைப்பது என்ற ஒரு தேர்வில் இவ்வளவு இனிமை.

நிரல் ஓடும்போதே அதை இயந்திர நிரலாக மாற்றும் ஹாட்ஸ்பாட்டின் ஜிட் கம்பைலரிடமும் ஓர் அழகு உண்டு. நாம் உருவாக்கச் சொன்ன ஆப்ஜெக்ட் அந்தச் செயற்கூற்றை விட்டு வெளியே போகவே இல்லை என்று உறுதியானால், அதை உருவாக்காமலேயே புலங்களைத் தனித்தனியாக ரெஜிஸ்டர்களில் ஏந்திக்கொள்ளும். நிரலில் பிறப்பு எழுதியிருக்கும். ஹீப்பில் ஆளே இருக்காது.

ஜாவாவில் நாமே வகுக்கும் வகைகளுக்கும் மதிப்பின் எளிமையைத் தர 2014 இல் தொடங்கியது வல்ஹல்லா திட்டம். இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டதில் எனக்குக் குறையில்லை. அந்தப் பொறுமையே ஒரு கலை. ஒரு சிக்கலை மட்டும் பாருங்கள். பதிவில் தேதி, மட்டம், வரத்து, வெளியேற்றம் நான்கும் இருந்தால் 16 பைட். அவற்றை ஒரே வீச்சில் எழுத முடியாத இடத்தில், ஒரு த்ரெட், அதாவது இணையாக ஓடும் ஓர் இழை, எழுதி முடிக்கும் முன் மற்றொன்று படித்தால் இன்றைய தேதியோடு நேற்றைய வெளியேற்றம் ஒட்டிக்கொள்ளும். எந்த நாளிலும் இல்லாத ஓர் அணை நிலவரம்! ரெஃபரன்ஸில் இந்த அபாயம் இல்லை. மாறுவது ஒரே ஒரு முகவரி. அடையாளத்தைக் கழற்றும்போது அது ஓசையின்றிக் காத்து வந்த முழுமையும் கூடவே கழன்றுவிடக்கூடாது என்று வல்ஹல்லா அணியினர் எடுத்துக்கொள்ளும் அக்கறை உள்ளத்தைத் தொடுகிறது.

கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் கணினி படிக்கும் பிள்ளைகளே, இன்றே ஜாவாவை வரிவரியாக ஓட்டிப் பார்க்க உதவும் ஜேஷெல்லைத் திறந்து பாருங்கள். எண்ணை ஆப்ஜெக்டாகச் சுற்றி வைக்கும் இன்டிஜர் வகை மாறிகள் இரண்டில் 127 ஐ வைத்து இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் உண்மை என்று வரும். 128 ஐ வைத்தால், இன்றும் பரவலாக ஓடும் ஜாவா பதிப்புகளில், பொய் என்று வரும். −128 முதல் 127 வரையிலான எண்களுக்கு முன்பே செய்து வைத்த ஆப்ஜெக்டுகளையே ஜாவா திரும்பத் திரும்பத் தருகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்கிறது. இன்டிஜரையும் மதிப்பு வகுப்பாக்குவது வல்ஹல்லாவின் ஏற்பாடு. அது நிலைபெற்ற ஜாவாவில் 128 உம் 128 உம் சமம்.