மலைக்கு எதற்கு ரிவெர்ப்?

திருத்தணியில் ஆடிக் கிருத்திகை இரவு. சரவணப் பொய்கைப் பக்கமிருந்து காவடிகள் வந்தபடி இருக்கும். மேலே போக 365 படி. ஆண்டின் நாளுக்கொரு படி என்று கணக்குச் சொல்வார்கள். பம்பையும் உடுக்கையும் அரோகராவும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். இந்த இரைச்சலுக்கு நடுவே அடிவாரத்தில் ஒரு பந்தலில் பக்திப் பாடல் கச்சேரி. கூட்டம் பாடகரைப் பார்க்கும். என் கண் ரிதம் பேட் வாசிக்கிறவர் மேல்தான், அதுவும் அவர் இன்னும் வாசிக்கத் தொடங்காத நேரத்தில். குச்சியைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, குனிந்து, சின்னத் திரையில் ஒரு எண்ணை ஏற்றுவார். ஒரு தட்டு. தலையசைப்பு. மறுபடி இறக்குவார். அந்தக் குனிதலுக்காகவே நான் போகிறேன்.

இந்த ரிதம் பேட் வகையில் ரோலண்ட் கம்பெனியின் ஆக்டோபேட் 1985இல் வந்தது. எட்டு ரப்பர் கட்டம், அவ்வளவுதான். 1998இல் வந்த எஸ்பிடி-20தான் நம் மெல்லிசைக் குழுக்களின் வீட்டுப்பிள்ளையானது. 700 ஒலிகள், 99 பேட்ச். எந்தக் கட்டத்தில் எந்த ஒலி, என்ன சுருதி, எவ்வளவு நீளம் என்று எழுதிவைத்த குறிப்புதான் பேட்ச். பலர் அடுத்தவர் செய்துவைத்த பேட்சை வாங்கி அப்படியே வாசிக்கிறார்கள். வாங்குவதில் தப்பில்லை. ஆனால் அது அளவெடுக்காமல் தைத்த சட்டை; தோளில் தொங்குவது தூரத்திலிருந்தே தெரியும்.

பறைக்காரர் வைக்கோல் தீயில் காட்டித் தோலை இறுக்குவார். ஆந்திரப் பக்கத்து டப்புக்கும் அதே தீதான். பேட்காரருக்குத் தீ கிடையாது, ஒரு பட்டன்தான். வேலை மட்டும் அதேதான்: தோல் எந்த இடத்தில் பேசத் தொடங்குகிறது என்று காதால் கண்டுபிடிப்பது. திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1ஆம் தேதி. கூட்டத்துக்கு எல்லை ஏது? ஆந்திரத்தின் நகரி, புத்தூர் பக்கத்து ஜனங்கள் பாதிப் பந்தலை நிறைத்திருப்பார்கள். தெலுங்குப் பாட்டு தொடங்கியதும் பறை ஒலியின் சுருதியை ஒரு படி ஏற்றி, நீளத்தைக் குறைத்து, சுள்ளென்று டப்புவாக்கிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பட்டன். முன்வரிசைப் பாட்டிகளின் தோள் உடனே அசைந்தது.

பம்பை விஷயம் இதைவிட நுணுக்கம். இரண்டு மேளத்தை ஒன்றோடொன்று கட்டி இடுப்பில் மாட்டுவது. இந்த வட்டாரத்தில் ஒன்று மரம், ஒன்று பித்தளை. அந்தப் பித்தளையின் கணகணப்பு ஒரே ஒலியில் வராது. நல்ல வாசிப்பாளர் ஒரு கட்டத்தில் இரண்டு ஒலியை அடுக்குவார்: அடியில் ஒரு தடித்த தோல், மேலே மெலிதாக ஓர் உலோகம். உலோகத்தின் அளவு தனியாகக் கேட்டால் தெரியக்கூடாது. எடுத்துவிட்டால் குறை தெரிய வேண்டும். குழம்பில் பெருங்காயம் மாதிரி. இதற்கும் மேலே போகிறவர்கள் உண்டு. மெதுவாக அடித்தால் தோல் மட்டும், ஓங்கி அடித்தால் உலோகமும் சேர்ந்து ஒலிக்கும்படி வைப்பார்கள். இயந்திரத்தின் பெரிய பாவம் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி தருவது. மனிதன் இரண்டு முறை ஒரே மாதிரி அடிக்கிறானா என்ன? அந்தப் பாவத்துக்கு இதுதான் பரிகாரம்.

அடியின் வேகத்தை இந்தக் கருவிகள் 1 முதல் 127 வரை எண்ணாக அளக்கின்றன. எந்த அடிக்கு எவ்வளவு சத்தம் என்பதைக் காட்டும் வளைவு ஒன்று உள்ளே இருக்கிறது. எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் உச்சத்தில் வைப்பதுதான் திருவிழா மேடைகளின் வியாதி. சாதாரண அடியே 120ஐத் தொட்டால், வேல் வேல் என்று கூட்டம் எழும் இடத்தில் கொடுக்க என்ன மிச்சம்? எண்பதில் வாசித்து, மேலே நாற்பதைப் பத்திரமாக வைத்திருப்பவர் கெட்டிக்காரர்.

பிறகு குழாய் ஸ்பீக்கர். அதன் தொண்டையில் தாழ்ந்த அடி ஒலி இறங்காது. வீட்டில் ஹெட்போன் மாட்டிச் செய்த அருமையான பேஸ், குழாய் வழியே அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல வரும். சத்தத்தைக் கூட்டினால் இன்னும் கெடும். சுருதியைக் கொஞ்சம் ஏற்றி, தொடக்கத்தில் ஒரு சின்ன ‘டக்’கைச் சேர்த்தால் போதும். மேல் ஒலிகள் சரியாக இருந்தால் அடி ஒலியைக் காதே கற்பனை செய்துகொள்ளும்.

ஒரு வருஷம் யாரும் தொடாத கட்டத்திலிருந்து நடுநடுவே ஜால்ரா ஒலித்தது. முருகன் திருவிளையாடல் என்று பக்கத்தில் ஒருவர் கையெடுத்தே கும்பிட்டார். நடந்தது இதுதான்: பெரிய ஸ்பீக்கரின் அதிர்வு மேடைப் பலகை வழியே ஸ்டாண்டில் ஏறி, ரப்பருக்கடியில் இருக்கும் உணரியை எழுப்பிவிட்டது. எவ்வளவு மெல்லிய அதிர்வு வரை கணக்கில் எடுப்பது என்ற வாசல் அளவை உயர்த்தினால் அடங்கும். ரொம்ப உயர்த்தினால் விரல்நுனி போன்ற மென்மையான அடிகளும் வெளியே நின்றுவிடும். அந்த வாசிப்பாளர் எண்ணைத் தொடவில்லை. ஸ்டாண்டுக் கால்களுக்கடியில் மடித்த கோணிப்பையை வைத்தார். ஜால்ரா நின்றது. நான் பார்த்த சிறந்த செட்டிங் அதுதான்.

பாட்டு முடிந்து அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “என்ன தம்பி, ரிவெர்ப்பே இல்லியே, எதிரொலிப்பே வரலியே?”

“எடுத்துட்டேண்ணா. அதான் மலையே திருப்பிக் குடுக்குதே. நாம வேற போட்டா சொதசொதன்னு ஆயிடும்.”

இந்தக் கருவிக்கு ஒன்று மட்டும் வராது என்பது என் தீர்ப்பு: உடுக்கை. இடுப்புக் கயிற்றை அழுத்தி அழுத்தி ஒரே அடிக்குள் சுருதியை வழுக்கவைக்கும் அந்த விம்மல் 700 ஒலியிலும் அகப்படவில்லை. இரண்டு கட்டத்தில் இரண்டு சுருதி வைத்து ஏமாற்றலாம். ஏமாற்றுவது தெரிந்துவிடும். அன்று மேடையில் ஒரு பெரியவர் உடுக்கையோடு ஏறியபோது, அந்தத் தம்பி உடுக்கைக்காக வைத்திருந்த தன் ஏழாவது கட்டத்தின் ஒலியைச் சுழியத்துக்கு இறக்கிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்குப் போனால் ஸ்பீக்கருக்கு நேரெதிரே நிற்காதீர்கள். மேடையின் பக்கவாட்டில், கச்சேரி தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய் நில்லுங்கள். எட்டுக் கட்டத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள்.