தலைவரை அளந்த படிவம்

உருமாற்றத் தலைமை பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே ஜேம்ஸ் மக்கிரெகர் பர்ன்ஸ் வந்துவிடுவார். பிள்ளையார் சுழி மாதிரி. அதற்குப் பிறகு கட்டுரை முடியும்வரை ஆளைப் பார்க்க முடியாது.

பர்ன்ஸ் மேலாண்மைக்காரர் இல்லை. அமெரிக்க அரசியல் வரலாற்றாசிரியர், ரூஸ்வெல்ட் பற்றிய நூலுக்காகப் புலிட்சர் பரிசு பெற்றவர். 1978இல் வந்த ‘லீடர்ஷிப்’ என்ற தடித்த புத்தகத்தில் காந்தி, லெனின், மாவோ என்று பேசிக்கொண்டே போகிறார். தலைமையில் இரண்டு வகை என்கிறார். ஓட்டுக்கு வேலை, வேலைக்குச் சம்பளம் என்று நடக்கும் கொடுக்கல் வாங்கல் ஒன்று. தலைவரும் பின்செல்பவரும் ஒருவரை ஒருவர் மேலான அறநிலைக்கு உயர்த்திக்கொள்ளும் உருமாற்றம் இன்னொன்று. இரண்டாவதில் அறம் கட்டாயம். அதனால்தான் ஹிட்லரைத் தலைவர் என்று சொல்ல அவர் ஒப்பவே இல்லை. கொடுங்கோலன், அவ்வளவுதான்.

இந்தக் கருத்தை நிறுவனங்களுக்குள் கொண்டுவந்தவர் உளவியலாளர் பெர்னார்ட் பாஸ். தென்னாப்பிரிக்காவில் 70 மூத்த நிர்வாகிகளிடம், உங்களை எதிர்பார்ப்புக்கு மேலே உழைக்கவைத்தவர் யார், அவர் என்ன செய்தார் என்று கேட்டார். கிடைத்த பதில்களோடு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தவற்றையும் சேர்த்துச் சிறு சிறு வாக்கியங்களாக்கி, அமெரிக்க ராணுவ அதிகாரிகளிடம் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார். அதிலிருந்து 1985இல் ஒரு புத்தகம் வந்தது, கூடவே ஒரு படிவமும். பலகாரணித் தலைமை வினாத்தாள் என்று அதைச் சொல்லலாம். அறம் என்ற நிபந்தனை இந்தப் பயணத்தில் வழியிலேயே இறங்கிவிட்டது. அன்றைய பாஸின் கணக்கில் ஹிட்லரும் உருமாற்றத் தலைவர்தான். உருமாற்றினாரா, உருமாற்றினார். 1999இல்தான் ‘போலி உருமாற்றத் தலைமை’ என்று ஒரு தனி அறை கட்டி அப்படிப்பட்டவர்களை அதற்குள் தள்ளினார்கள்.

பாஸைக் குறை சொல்ல எனக்கு முழு மனசில்லை. அளக்கிறவனுக்கு அளவுகோல் வேண்டும். ஆனால் அந்த அளவுகோலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

இப்போது புழக்கத்தில் உள்ள வடிவத்தில் 45 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். முதல் 36 வாக்கியங்கள் மேலாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது பற்றி. மீதி 9 அதன் விளைவு பற்றி: அவர் திறமையாகச் செயல்படுகிறாரா, அவரால் நீங்கள் கூடுதலாக உழைக்கிறீர்களா, அவரோடு வேலை செய்வதில் திருப்தியா. காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே ஆள், ஒரே உட்காரலில், ஒரே பேனாவால் மதிப்பெண் போடுகிறார். மேலாளரைப் பிடித்திருந்தால் மேலேயும் 4, கீழேயும் 4. பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, உருமாற்றத் தலைமை விளைவைத் தருகிறது என்று எழுதினால், அது தலைமையைப் பற்றிய செய்தியா, பிரியத்தைப் பற்றிய செய்தியா?

இது என் சந்தேகம் மட்டும் இல்லை. 1996இல் லோ, க்ரோக், சிவசுப்ரமணியம் மூவரும் இந்தப் படிவத்தை வைத்து நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கீழே வேலை செய்பவர்களே விளைவையும் மதிப்பிட்ட இடங்களில் தொடர்பு மிக வலுவாக இருந்தது. நிறுவனத்தின் சொந்த அளவுகளோடு ஒப்பிட்ட இடங்களில் வெகுவாகக் குறைந்தது. 2004இல் ஜட்ஜ், பிக்கலோ இருவரும் 87 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பர்ன்ஸ் எதிரெதிர் துருவங்களாக வைத்தவை உருமாற்றமும் கொடுக்கல் வாங்கலும். ஆனால் செய்த வேலைக்கு ஏற்ற பலன் தருவது என்ற கொடுக்கல் வாங்கல் பகுதிக்கும் உருமாற்றத்துக்கும் இடையே 0.80 ஒட்டுறவு இருந்தது. இரண்டு துருவங்கள் இவ்வளவு நெருக்கமாகவா இருக்கும்?

இதற்கெல்லாம் முன்பே, 1975இல், ஈடன், லெவியாத்தான் என்ற இரு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் ஒரு குறும்பு செய்திருந்தார்கள். இல்லாத ஒரு தொழிற்சாலையைப் பற்றி மாணவர்களுக்குச் சில வரிகள் மட்டும் சொல்லி, அங்கிருக்கும் மேற்பார்வை எப்படி என்று அன்று புழங்கிய ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். நிஜத் தொழிற்சாலைகளில் கிடைத்த அதே காரணி அமைப்பு வந்து நின்றது! கண்ணால் பார்க்காத தலைவருக்கும் நம் தலைக்குள் ஒரு படிவம் தயாராக இருக்கிறது.

அப்படியிருந்தும் ஏன் இது வென்றது? நிரலாளர்களுக்கு விடை தெரிந்திருக்கும். ஒரு லைப்ரரி எத்தனை முறை தரவிறக்கம் ஆனது என்பது அதன் தரத்தைச் சொல்லாது, எத்தனை பேர் அதை நம்பி நிற்கிறார்கள் என்பதைத்தான் சொல்லும். ‘லெஃப்ட்-பேட்’ வெறும் 11 வரி. 2016இல் அதை நீக்கியபோது பாதி இணையம் தடுமாறியது. பாஸின் படிவமும் அப்படித்தான். மூன்று வருடத்தில் முனைவர் பட்டம் முடிக்க வேண்டிய மாணவருக்குக் கேள்விகள் தயார், மதிப்பெண் முறை தயார், 200 ஊழியர்களிடம் கொடுத்து வாங்கினால் அத்தியாயமும் தயார். ஒவ்வொரு முறையும் பாஸுக்கு ஒரு மேற்கோள் ஏறும். அந்த எண்ணிக்கையைத்தான் நாம் அறிவுலகச் செல்வாக்கு என்கிறோம்.

2013இல் வான் க்னிப்பன்பெர்க், சிட்கின் இருவரும் நீண்ட கட்டுரை ஒன்றில் உருமாற்றத் தலைமைக்குத் தெளிவான வரையறையே இல்லை, காரணமும் விளைவும் கலந்து கிடக்கின்றன, இந்தப் படிவத்தைக் கைவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கட்டுரையும் இன்று நிறைய மேற்கோள் காட்டப்படுகிறது. நான் படித்த பலவற்றில் அது ‘ஆய்வின் வரம்புகள்’ பகுதியில் ஒரு வரியாக வருகிறது. அதே ஆய்வில் முடிவுகள் வந்தது அந்தப் படிவத்திலிருந்துதான். மறுப்பையும் விழுங்கி ஏப்பம் விடுகிற செல்வாக்கு இது.

துறை முழுக்க வெற்று என்று சொல்ல மாட்டேன். 2002இல் வெளியான டிவிரும் சகாக்களும் செய்த ஆய்வில் இஸ்ரேலிய ராணுவத்தில் ஒரு பகுதித் தலைவர்களுக்கு உருமாற்றத் தலைமைப் பயிற்சியும் மற்றவர்களுக்கு வேறு பயிற்சியும் கொடுத்து, அவர்களுக்குக் கீழிருந்த வீரர்களின் செயல்திறனைத் தனியாக அளந்தார்கள். முதல் பிரிவினரின் வீரர்கள் மேலாகச் செய்தார்கள். இப்படிப்பட்ட ஆய்வுக்குக் காலமும் பணமும் வேண்டும். படிவத்துக்கு ஒரு மதிய இடைவேளை போதும்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். பட்னாவிலிருந்து ஜெய் பி. பி. சின்ஹா 1980இல் ‘பேணி வேலை வாங்கும் தலைவர்’ என்ற கருத்தை நூலாக எழுதினார். அந்தத் தலைவர் பாசமாக இருப்பார், ஆனால் வேலை நடந்தால்தான் பாசம். கீழிருப்பவர் தேறத் தேறப் பிடியைத் தளர்த்துவார். இந்திய அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இந்த மனிதரைத் தெரியும், அண்ணன் என்றோ சார் என்றோ கூப்பிட்டிருப்போம். பாஸின் கட்டங்களில் இவரை எங்கே வைப்பது? பாசம் உருமாற்றத்தின் கட்டம், நிபந்தனை கொடுக்கல் வாங்கலின் கட்டம். ஆள் இரண்டாகக் கிழிந்துவிடுவார். இவருக்கென்று ஒரு படிவம் உலகம் சுற்றியிருந்தால், மேலாண்மை வகுப்பில் முதல் பெயர் இவருடையதாக இருந்திருக்கலாம்.

இதெல்லாம் ஆய்வாளர்கள் பாடு என்று விடவும் முடியவில்லை. நம் அலுவலகங்களில் வருடா வருடம் வரும் மேலாளர் மதிப்பீட்டுப் படிவம் இதே குடும்பத்துப் பிள்ளை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் அது போனஸ் அறிவிப்புக்கு முந்தைய வாரம் வரும். எல்லோருக்கும் 4தான். அந்த 4ஐ வைத்து ஒருவர் மேலே போவார், இன்னொருவர் தேங்குவார்.

பாஸின் 45இல் முடிவுகளின் அற விளைவுகளைப் பற்றியும் ஒரு வாக்கியம் உண்டு. பர்ன்ஸ் ஒரு புத்தகம் முழுக்கக் கேட்ட கேள்வி அது. அதற்கும் 0 முதல் 4 வரைதான், மாலை 5 மணிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும்.