காண்டெஸா 32, ஃபர்ஸ்ட் 36: ஓர் ஒப்பீடு

காண்டெஸா 32, டேவிட் சாட்லர் வடிவமைப்பில் 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவான பாய்மரப் படகு. ஃபர்ஸ்ட் 36, சாம் மனுவார் வடிவமைக்க, பிரான்சின் பெனட்டோ நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வேகப் பயணப் படகு.

காண்டெஸாவின் அகலம் 2.9 மீட்டர். எடை சுமார் 4.3 டன், அதில் ஏறத்தாழ பாதி அடிப்பாரம். அறை குறுகல். எதிர்காற்றில் மேல்தளம் நனைந்துகொண்டே இருக்கும். வேகம் 6.5 நாட் அளவில் நின்றுவிடும். ஃபர்ஸ்டின் உடல் 11 மீட்டர் நீளம், 3.8 மீட்டர் அகலம், எடையோ 4.8 டன்தான். பின்காற்றில் அலைமேல் சறுக்கி ஓடும். வசதியிலும் வேகத்திலும் புதிய படகே மேல்.

1979 ஃபாஸ்ட்நெட் போட்டியின் புயலில் 303 படகுகளில் 85 மட்டுமே பந்தயத்தை முடித்தன. போட்டியாளர் 15 பேர் இறந்தனர். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் முடித்த ஒரே படகு அசென்ட் என்னும் காண்டெஸா 32. பழம்படகுப் பற்றாளர்கள் இதையே இறுதிச் சான்றாகக் காட்டுவர். ஒரு படகின் வெற்றி மட்டும் சான்றாகாது. காரணம் வடிவத்தில் உள்ளது. கனத்த அடிப்பாரமும் ஒடுங்கிய உடலும் கொண்ட படகு கவிழ்ந்தாலும் விரைவில் நிமிரும். அகன்ற உடல் நிமிர்ந்திருக்கையில் உறுதி தரும். தலைகீழானால் அந்த அகலமே அதை அப்படியே நிறுத்திவைக்க முயலும்.

ஃபர்ஸ்ட், வானிலை அறிவிப்பைக் கொண்டு புயலுக்கு முன் கரைசேரக் கூடியது. ஆனால் அதற்குச் சோர்வடையாத மாலுமிகள் வேண்டும். காண்டெஸாவின் பாதுகாப்பு பெரிதும் படகிலேயே இருக்கிறது. ஃபர்ஸ்டின் பாதுகாப்பு பெரிதும் ஓட்டுபவரிடம் இருக்கிறது. வேகத்தையும் அறை அளவையும் மட்டும் வைத்து ஒப்பிடுவோர் தவறவிடுவது இதைத்தான்.